பெண்கள் உடை மாற்றும் அறை

பேஸ்பால் கிளப் மைதானத்தைப் புதுப்பிக்க வழி பிறந்தபோது, பழைய ஆட்கள் பதினான்கு பேருக்கும் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டு, ஆளுக்கு ஒன்று எழுதச் சொன்னார்கள். ஒருவர் வெயில் மறைக்கக் கூரை என்று எழுதினார். ஒருவர் பந்து அடித்துப் பழக வலைக்கூண்டு என்று எழுதினார். ஒரு மகராசன் டீ மெஷின் என்று எழுதினான். ரோஸ்லின் எழுதியது, 'பெண்களுக்கு உடை மாற்ற ஓர் அறை, கழிப்பறையோடு.' எட்டு வருஷமாக ஞாயிறுதோறும் காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கப் பயந்துகொண்டு வெயிலில் ஆடியவள் வேறு என்ன கேட்பாள்? அதில் ஒரு தப்பும் சொல்ல முடியாது. வயிற்றெரிச்சலே அதுதான்.

ரோஸ்லினுக்கு நாற்பத்தைந்து வயது. தூத்துக்குடிக்காரி. செகந்திராபாத்தில், ஏ.எஸ்.ராவ் நகரில் மூன்றாவது மாடியில் வீடு. ஐ.டி. கம்பெனியில் வேலை, அதுவும் கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே. கல்யாணம் கூடிவரவில்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான், கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடுவான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி மீட்டிங்கில் 'ஹேப்பி வீக்கெண்ட்' சொல்லி மடிக்கணினியை மூடினால், பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை வாய் திறக்கும்போது குரல் சட்டென்று வராது, இரண்டு தடவை செருமிக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை மாலை தெலுங்குப் பூசைக்குப் போவாள். அங்கே பேச்சு ஆண்டவரோடு மட்டும். அவர் திருப்பிப் பேசுகிற ஆள் இல்லை. மிச்சம் இருந்தது ஞாயிறு காலை மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தை வைத்துக்கொண்டுதான் அவள் வாரம் முழுவதையும் ஓட்டினாள்.

கிளப்பில் அவளைச் சேர்த்தது தினேஷ். ஈரோட்டுக்காரன், அதே ஆபீஸ். 2016-இல் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, அமெரிக்காவுக்கு ஆன்சைட் போய் வந்த மோகத்தில், சைனிக்புரிக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பேஸ்பால் ஆடக் கிளம்பினார்கள். ஒன்பது பேர் இல்லாமல் அந்த ஆட்டம் இல்லை. அந்த ஒன்பதாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான், ரோஸ்லின் பாளையங்கோட்டையில் கல்லூரிக்காக சாஃப்ட்பால் ஆடியவள் என்று தினேஷ் காதில் விழுந்தது. மற்றவர்களில் ஒருவனும் பந்தையே கையால் தொட்டதில்லை. சாஃப்ட்பால் பேஸ்பாலுக்குத் தங்கை முறை என்றாலும், ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. போவன்பள்ளி மார்க்கெட்டிலிருந்து வெங்காயச் சாக்குகளை வாங்கிவந்து, மண்ணை நிரப்பித் தைத்து, ஓடுகிறவர்கள் தொட்டு நிற்கும் முனைகளாக எங்கெங்கே போட வேண்டும் என்று ஓடி ஓடி அளந்து போட்டவள் அவள்தான்.

அவள் நின்ற இடம் கேட்சர். அடிப்பவனுக்குப் பின்னால், முகத்துக்குக் கம்பி மாஸ்க்கும் மார்புக்குக் கவசமும் காலுக்குத் தகடும் கட்டிக்கொண்டு குந்தியிருந்து, வருகிற பந்தைப் பிடிக்கும் வேலை. யாராவது இரண்டாவது சாக்குக்குத் திருட்டுத்தனமாக ஓடினால், எழுந்து பந்தை அங்கே எறிந்து அவனை அவுட்டாக்க வேண்டும். முட்டி போகும், விரல் வீங்கும், ஆசைப்பட்டு யாரும் நிற்கிற இடம் இல்லை. ஆனால் அதில் ஒரு விசேஷம் இருந்தது. மைதானத்தில் நிற்கும் மற்ற எட்டுப் பேரும் அவளைப் பார்த்துத்தான் நிற்பார்கள். வாரத்தில் மற்ற ஆறு நாளும் ஒரு முகமும் தன் பக்கம் திரும்பாதவளுக்கு அது பெரிய சம்பத்து.

ஆட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும் எல்லோரும் பள்ளிக்கூட மேடையின் படிகளில் உட்கார்ந்து ஷூ மாட்டுவார்கள். ஆண்கள் ஒரு துண்டால் மறைத்துச் சட்டை மாற்றுவார்கள். அவள் வீட்டிலிருந்தே ட்ராக் பேண்ட்டில் வருவாள். அந்தப் படியில்தான் எல்லாப் பேச்சும். தினேஷுக்குப் பெண் பார்த்தது, அந்தப் பெண் வேண்டாம் என்றது, வேறொருத்தி சரி என்றது எல்லாம் அங்கேதான் அலசப்பட்டது. ராஜகோபால் என்று ஒருவர், அவளைவிட ஐந்து வயது மூத்தவர், பேங்க் மேனேஜர். நாலு தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம்; ஏன் என்பதற்கு 'கைக்கு', ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று ஊர் உருது கலந்துதான் பேசுவார். அவருக்கு ஒளிவு மறைவே கிடையாது.

"ரோஸ்லின், இன்னிக்கு உன் கை சரியில்ல. கைக்கு இப்டி எறியற? நேத்து சோறு சாப்டியா இல்லியா?"

"ஒங்க வாயி மட்டும் எப்பவும் சரியாத்தான் இருக்கு. பந்து எங்கன வருதுன்னு மொதல்ல கண்ணத் தெறந்து பாருங்க."

"ஹவ் ஹவ், பாக்கறேன். நீ டென்ஷன் நக்கோ."

இப்படிப் பேசிச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து குளித்தால், திங்கட்கிழமை வரைக்கும் காதில் அந்தச் சத்தம் இருக்கும்.

பிறகு கிளப் வளர்ந்தது. யாரோ ஒருவன் எடுத்துப் போட்ட வீடியோவை லட்சம் பேர் பார்த்தார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் பேஸ்பால் ஆடுகிறவர்களுக்கு இடம் கிடைக்கும் என்று ஒரு வதந்தி கிளம்பியது. அவ்வளவுதான், கார் காராகப் பெற்றோர்கள் வந்தார்கள். பதினான்கு அறுபதாயிற்று, அறுபது நூற்று நாற்பதாயிற்று. பள்ளிக்கூடம் மைதானத்தைப் பத்து வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தது. ஒரு மருந்துக் கம்பெனி எல்லாவற்றையும் தான் கட்டித் தருவதாகச் சொன்னது. ஒரு நாள் வேலியோரம் நின்றிருந்த ஓர் அம்மா ரோஸ்லினிடம், "மீ பாபு எவரண்டி?" என்று கேட்டார். என் பையன் யாரும் இல்லை, நானேதான் ஆடுகிறேன் என்று ரோஸ்லின் தனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னாள். அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ரொம்ப நல்லது என்றார்.

புதுப்பிக்கும் வேலை தொடங்கும் முன் அளவெடுக்க ஒருவர் டேப்போடு வந்தார். முதல் சாக்கிலிருந்து இரண்டாவது சாக்குவரை அளந்தார். மறுபடி அளந்தார். பிறகு, இது அறுபது அடிதானே இருக்கிறது, தொண்ணூறு அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்டார்.

சாஃப்ட்பாலுக்கு அறுபது. பேஸ்பாலுக்குத் தொண்ணூறு. ரோஸ்லின் கல்லூரியில் பழகிய அளவை அப்படியே போட்டிருக்கிறாள். மற்றவர்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு எட்டு வருஷம் ஆடியிருக்கிறார்கள். பந்து வீசும் பிட்சர் நிற்க வேண்டிய இடமும் அப்படியே இருபதடி முன்னால். இத்தனை காலம் பந்து மட்டையில் படாததற்குத் தங்கள் விதியையும் கண் பார்வையையும் நொந்துகொண்டவர்கள் அத்தனை பேர். டி.வி.யில் அமெரிக்க மேட்ச்சை விழுந்து விழுந்து பார்த்தவர்களில் ஒருவனுக்காவது ஒரு டேப்பை எடுத்து அளந்து பார்ப்போம் என்று தோன்றவில்லை. படித்தவர்கள் கூடிச் செய்கிற காரியம் எப்போதும் இப்படித்தான்.

படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "எட்டு வருஷமா வேற கேம் ஆடிட்டிருந்தோமா ரோஸ்லின்?" என்று ராஜகோபால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரோஸ்லினும் சிரித்தாள். அவளைச் சொல்லிச் சிரித்தார்கள், அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். அந்தப் படியில் கடைசியாகச் சிரித்தது அதுதான். அடுத்த வாரம் பார்வையாளர் இருக்கைகள் கட்ட அதை இடித்துவிட்டார்கள்.

எட்டு மாதத்தில் எல்லாம் வந்தது. செம்மண் மேடு, வலைக்கூண்டு, இரும்பு இருக்கைகள், மின்சார ஸ்கோர் போர்டு, டீ மெஷின்கூட. அப்புறம் அடுத்தடுத்து இரண்டு அறைகள். ஒன்றின் கதவில் 'ஆண்கள்' என்றும் ஒன்றில் 'பெண்கள்' என்றும் மூன்று மொழியில் எழுதியிருந்தது.

முதல் ஞாயிறு ரோஸ்லினுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெள்ளை டைல்ஸ், ஆளுயரக் கண்ணாடி, பன்னிரண்டு கொக்கிகள், பன்னிரண்டு பேர் உட்கார நீள பெஞ்சு, சுத்தமான கழிப்பறை. பாட்டில் நிறையத் தண்ணீர் குடித்தாள். ஒரு கொக்கியில் பையை மாட்டினாள். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து ஷூவைக் கட்டினாள். கட்டி முடித்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. சத்தம் கேட்டதே தவிர, என்ன பேச்சு என்று தெரியவில்லை.

வெளியே வந்து தினேஷிடம், "என்னப்பா அப்பிடிச் சிரிப்பு?" என்றாள்.

"ஒண்ணுமில்லீங்க்கா, சும்மா."

சும்மாதான். ஒரு சிரிப்பை வெளியே கொண்டுவந்து இன்னொருத்தருக்குப் பிரித்துச் சொன்னால் அதில் என்ன இருக்கும்? அவளும் அதை விட்டுவிட்டாள். அடுத்த வாரமும் சிரித்தார்கள். அதற்கடுத்த வாரம் அவள் கேட்கவில்லை.

சேர்ந்திருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் ஒரு மாதத்தில் நின்றுவிட்டார்கள். சிறுமிகள் வருவது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அந்த அறை முழுக்க அவளுக்கே. அவள் வெளியே வராந்தாவில் உட்கார்ந்து ஷூ மாட்டிப் பார்த்தாள். ஆனால் ஆண்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே பேசி முடித்து, விசில் ஊதியதும் வரிசையாக நேரே மைதானத்துக்கு ஓடினார்கள். வெளியே உட்கார்ந்திருந்தவளுக்குக் கிடைத்தது 'குட் மார்னிங் மேடம்' மட்டும். புதிதாக வந்தவர்களுக்கு அவள் மேடம். 'பெண்கள்' என்று எழுதிய கதவுக்குப் பக்கத்தில் நாலடி இடம் விட்டு ஒதுங்கிப் போகிற நல்ல பிள்ளைகள் அவர்கள். அவர்களிடம் என்ன குறை சொல்வது?

பங்குனியில் ஒரு நாள் தினேஷ் லட்டுப் பெட்டியை நீட்டினான்.

"என்ன விசேசம்?"

"பெண் குழந்தைங்க்கா. புதன்கிழமை பொறந்துச்சு."

ரோஸ்லின் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறந்ததைச் சொல்கிறான், சரி. வரப்போகிறது என்பதே அவளுக்குத் தெரியாது. மற்றவர்கள் எல்லோருக்கும் ஏழு மாதமாகத் தெரிந்திருக்கிறது. பெயர்கூட அந்த அறையில் வைத்துத்தான் முடிவு செய்திருக்கிறார்கள்.

"நான் சொல்லலீங்களாக்கா?" என்றான் தினேஷ். நிஜமாகவே அவனுக்கு ஞாபகம் இல்லை. சொல்லிவிட்டதாகவே நினைத்திருந்தான். அவள் அங்கே இருந்ததாகவே நினைத்திருந்தான். வீட்டுக்குப் போய் ரோஸ்லின் அன்றைக்கு அழுதாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத் தன் கையெழுத்தில் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தபோது, அழுகைக்கு நடுவில் கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

ஆட்டத்திலும் சிக்கல் வந்தது. மைதானம் சரியான அளவுக்கு விரிந்ததும், அவள் எறிய வேண்டிய தூரம் எண்பத்தைந்து அடியிலிருந்து நூற்று இருபத்தேழு அடியாயிற்று. அவள் பந்து நடுவில் இரண்டு தடவை தரையில் குத்திக்கொண்டு போனது. அதற்குள் ஓடுகிறவன் போய்ச் சேர்ந்து, காற்சட்டையில் ஒட்டிய தூசியையும் தட்டிவிடுவான். புதன்கிழமை காலைகளில் வேலை தொடங்கும் முன் தனியாக வந்து, ஒரு வாளி நிறையப் பந்து வைத்துக்கொண்டு எறிந்து பழகினாள். எறிந்தவற்றை அவளே போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவாள். மூன்று மாதத்தில் இரண்டு குத்து ஒரு குத்தாகக் குறைந்தது. முழங்கையில் வலி வந்து உட்கார்ந்துகொண்டது. ராகேஷ் என்று இருபத்து மூன்று வயதுப் பையன் புதிதாகச் சேர்ந்திருந்தான். குந்தியிருந்தபடியே அவன் எறிகிற பந்து கயிறு கட்டி இழுத்ததுபோல் நேரே போய்ச் சேரும். பார்த்தவர்களுக்கெல்லாம் புரிந்த விஷயம் ரோஸ்லினுக்கும் புரிந்தது.

ராஜகோபாலுக்கும் தொண்ணூறு அடி ஒத்துவரவில்லை. ஓடி முடிக்கும் முன் அவுட்டானார். அதனால் அவர் ஆடுவதை விட்டு மேனேஜர் ஆகிவிட்டார். யார் எங்கே நிற்பது என்று எழுதுவது அவர் வேலை. காலும் போய், ஆட்டமும் போய், ஆனாலும் ஞாயிறு காலை அந்த அறைக்குள் பெஞ்சில் அவருக்கு ஓர் இடம் இருந்தது. ரோஸ்லினுக்கு அதுதான் தாங்கவில்லை. கை போனது வயசுக் கோளாறு, ஒப்புக்கொள்ளலாம். அவருக்குக் கால் போனால் மேனேஜர், தனக்குக் கை போனால் எங்கே போவது? மாஸ்க்கைக் கழற்றிவிட்டால் அந்தக் கிளப்பில் அவள் உட்கார ஓர் இடம் கிடையாது. அதனால்தான் அவள் புதன்கிழமைகளில் எறிந்தாள்.

ஆடியில் விஜயவாடாவிலிருந்து ஓர் அணி ஆட வந்தது. புது மைதானத்தில் முதல் வெளியூர் மேட்ச். இருக்கைகள் நிறைந்திருந்தன. ரோஸ்லின் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள். அறையில் உட்கார்ந்து கால் தகட்டைக் கட்டினாள், மார்புக் கவசத்தை மாட்டினாள், முழங்கைக்குக் களிம்பு தடவினாள். மாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வழக்கமாக வாட்ஸ்அப்பில் வரும் பெயர்ப்பட்டியல் அன்றைக்கு இன்னும் வரவில்லை.

கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் வந்தது. அடியில் இரும்பு முளை வைத்த ஷூ, சிமெண்டுத் தரையில் டக் டக் என்று கேட்கும். கதவடியில் ஒரு நிழல் நின்றது. தினேஷ்தான், இடது காலைச் சற்று இழுத்து நடப்பான். நிழல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. ரோஸ்லின் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் தட்டவில்லை. திரும்பிப் போய்விட்டான். பக்கத்து அறையில் கதவு சாத்தும் சத்தம், பிறகு பேச்சு. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி வந்தான். மறுபடி நின்றான். மறுபடி போனான்.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. இன்றைக்கு ராகேஷ்தான் கேட்சர். அதை அவளிடம் யார் சொல்வது என்று அந்தப் பக்கம் பூனைக்கு மணி கட்டும் கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது. ரோஸ்லினுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விலக்கியதற்காக அல்ல. முன்பென்றால் ராஜகோபால் முகத்துக்கு நேரே, 'நக்கோ ரோஸ்லின், இன்னிக்கு நீ வேணாம்' என்றிருப்பார். அவள் அவரை நாலு வார்த்தை வைதிருப்பாள். அவர் பதிலுக்கு வைதிருப்பார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து மேட்ச் பார்த்திருப்பாள். ஒரு சண்டை போடக்கூட இப்போது ஆள் இல்லை. நேராக உள்ளே போய், என்னிடம் சொல்வதற்கு உங்களுக்கு என்னடா என்று கேட்பதென்று தீர்மானித்தாள். கேட்டால் ராஜகோபால் வைவார். வைதால் போதும். மாஸ்க்கை அவளே எடுத்துக் கொடுத்துவிடுவாள்.

கவசத்தோடும் தகட்டோடும் எழுந்து போய் ஆண்கள் அறைக் கதவைத் தட்டினாள்.

உள்ளே பேச்சு பட்டென்று நின்றது.

"யாரு?"

"நாந்தான். ரோஸ்லின்."

"ஒரு நிமிஷங்க்கா."

உள்ளே சலசலப்பு. சட்டை தேடினார்கள், ஜிப் இழுத்தார்கள், எதையோ தட்டிவிட்டார்கள். அவள் வெளியே நின்றாள். ஒரு நிமிஷம் என்றால் முழுதாக ஒரு நிமிஷம்.

கதவு திறந்தது. உள்ளே பதினைந்து பேர் இருந்தார்கள். பாதிப் பேரின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. பதினைந்து பேரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். பரிசோதனைக்கு வந்த அதிகாரியைப் பார்த்ததுபோல் நின்றார்கள். தினேஷ் ஒரு காலில் ஷூவோடும், கல்லைத் தட்டக் கழற்றிய இன்னொரு ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டும் நின்றான். ராஜகோபாலும் நின்றார்.

"சொல்லுங்க மேடம்," என்றான் ராகேஷ்.

"தினேஷு, ரெண்டு தடவ கதவு வரைக்கும் வந்துட்டுப் போனியே. என்ன சொல்ல வந்த?"

"அது வந்துங்க்கா..." என்று அவன் கையிலிருந்த ஷூவைப் பார்த்தான்.

எல்லோரும் ராஜகோபாலைப் பார்த்தார்கள். ரோஸ்லினும் பார்த்தாள். வையுங்கள் என்று அவள் முகம் கேட்டது. அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஒண்ணும் இல்ல ரோஸ்லின். உங்கள மாதிரி சீனியர் இருக்கறது கிளப்புக்குப் பெருமை. மேல ஃபர்ஸ்ட் ரோல சேர் போட்டு வெச்சிருக்கோம். நிழல் இருக்கும். நீங்க அங்க உக்காந்து பாத்தா பசங்களுக்கு நல்லாருக்கும்."

அவள் கொண்டுவந்த வசவு எல்லாம் வாயோடு நின்றுபோயிற்று. இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரை எப்படி வைவது?

"இன்னைக்கு ராகேஷே நிக்கட்டும். அதச் சொல்லத்தான் வந்தேன்," என்றாள்.

எல்லோர் தோளும் இறங்கியது. ஃபேன் போட்டதுபோல் ஒரு நிம்மதி அறை முழுக்கப் பரவியது. "தேங்க்யூ மேடம்," என்று இரண்டு மூன்று குரல்கள் சொல்லின. தினேஷ் அவளைப் பார்த்துத் தலையாட்டினான். இன்னமும் ஒற்றைக் காலில்தான் நின்றான்.

"உக்காந்து ஷூவ மாட்டுங்கப்பா, நேரமாச்சுல்லா."

யாரும் உட்காரவில்லை.

"உக்காருங்க," என்றாள் மறுபடியும்.

"பரவால்லீங்க்கா," என்றான் தினேஷ்.

அவர்களுக்குப் பின்னால் நீள பெஞ்சு காலியாகக் கிடந்தது. ஓரத்தில் அவள் ஒருத்தி உட்கார இடம் தாராளமாக இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவர்கள் பார்த்தார்கள். அவள் அங்கே நிற்கும் வரைக்கும் அவர்கள் உட்காரப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே பெஞ்சு கிறீச்சிட்டது. எல்லோரும் உட்கார்ந்தார்கள்.